ஃபிதெவா: ஒரே பாத்திரத்தில் சமைக்கும் கடலுணவுப் பாஸ்தா

ஃபிதெவா என்பது ஸ்பெயினின் கிழக்குக் கடற்கரையிலுள்ள வலென்சியப் பகுதியைச் சேர்ந்த கடலுணவுப் பாஸ்தா ஆகும். குட்டையான கோதுமை நூடுல்ஸை, இறால் ஓடும் மீன் முள்ளும் கொதித்த சாற்றில் நேரடியாக வேகவைத்து, சாறு வற்றியதும் அதே பாத்திரத்திலிருந்து பரிமாறுவார்கள். பாஸ்தாவைத் தனியாக வேகவைத்து வடிப்பதோ, குழம்பைத் தனியாகச் செய்து கலப்பதோ இதில் இல்லை. வலென்சியாவின் புகழ்பெற்ற அரிசி உணவான பாயெல்லாவுக்குப் பயன்படும் அகன்ற, ஆழமில்லாத பாத்திரமே இதற்கும் பயன்படுகிறது. வீட்டுச் சமையலறையில், ஒரு வாணலியும் ஒரு வடிகட்டியும் இருந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இதைச் செய்துவிடலாம்.

பெயர்

ஸ்பானிய மொழியில் 'ஃபிதேயோ' என்பது சேமியா போன்ற மெல்லிய கோதுமை நூடுல்ஸைக் குறிக்கும். ஐபீரியத் தீபகற்பத்தில் முஸ்லிம் ஆட்சி நிலவிய காலத்தில் அங்கு பேசப்பட்ட அரபு மொழியிலிருந்து இச்சொல் வந்தது. 'ஃபிதெவாதா' என்றால் நூடுல்ஸைக் கொண்டு செய்த உணவு. வலென்சியப் பேச்சுவழக்கில் சொல்லின் இறுதியில் வரும் 'ஆதா' என்ற ஒலி சுருங்கி 'ஆ' என்று நீளும். அவ்வாறே ஃபிதெவாதா 'ஃபிதெவா' ஆயிற்று.

தோற்றம்

ஃபிதெவாவின் பிறப்பிடமாக வலென்சியா நகருக்குத் தெற்கே உள்ள கந்தியா என்னும் கடற்கரை ஊர் கருதப்படுகிறது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கந்தியாவின் மீன்பிடிப் படகு ஒன்றில் கப்ரியேல் ரோத்ரிகஸ் பாஸ்தோர் என்ற சமையற்காரர் இருந்தார். படகில் வழக்கமாக மீன் சாற்றில் அரிசி சமைப்பார்கள். படகின் தலைவருக்கு அந்தச் சோற்றின் மீது அளவுகடந்த விருப்பம். அவர் உண்டு முடித்தபின் மற்றவர்களுக்குப் போதுமான சோறு மிஞ்சுவதில்லை. அரிசிக்குப் பதிலாக நூடுல்ஸைப் போட்டால் தலைவர் குறைவாக உண்பார் என்று எண்ணிய சமையற்காரர் அவ்வாறே செய்தார். புதிய உணவு அனைவருக்கும் பிடித்துவிட்டதால் அவரது தந்திரம் பலிக்கவில்லை. இது அவ்வூரில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

துறைமுகத்தை அடுத்த உணவகங்கள் வழியாக இவ்வுணவு பரவியது. 1974 முதல் கந்தியாவில் ஃபிதெவா சமையல் போட்டி நடத்தப்படுகிறது. அதில் பல நாடுகளின் சமையற்கலைஞர்கள் பங்கேற்கின்றனர்.

நூடுல்ஸைச் சாற்றிலேயே வேகவைக்கும் முறை இதைவிட மிகப் பழையது. 1520-இல் பார்சிலோனாவில் அச்சான கட்டலான் மொழிச் சமையல் நூலான 'லிப்ரே தெல் கோக்' என்பதிலேயே இறைச்சிச் சாற்றில் வேகும் ஃபிதேயோ உணவு இடம்பெற்றுள்ளது. ஒரே பாத்திரத்தில் பாஸ்தா சமைப்பது அண்மைக்காலக் கண்டுபிடிப்பு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. 2013-இல் அமெரிக்காவின் 'மார்த்தா ஸ்டூவர்ட் லிவிங்' இதழ் வெளியிட்ட ஒரு செய்முறை இணையத்தில் பெரும் புகழ் பெற்றதே இதற்குக் காரணம். மத்தியதரைக் கடற்கரை மக்களுக்கு இம்முறை பல நூற்றாண்டுகளாகத் தெரிந்த ஒன்று.

ஒரே பாத்திரத்தில் வேகும்போது நடப்பது என்ன?

பாஸ்தா டியூரம் என்னும் கடினமான கோதுமையின் ரவையிலிருந்து செய்யப்படுகிறது. அதில் மாவுச்சத்தும் குளூட்டன் என்ற புரதமும் உள்ளன. சூடான நீரில் மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. புரத வலை இறுகி அவற்றைப் பிடித்து வைக்கிறது. மேற்பரப்பில் உள்ள துகள்களில் சில நீரில் கரைகின்றன.

இத்தாலிய வழக்கப்படி 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர் வைத்து வேகவைத்து வடிப்பார்கள். அப்போது கரைந்த மாவுச்சத்தின் பெரும்பகுதி வடிநீரோடு போய்விடும். ஒரே பாத்திர முறையில் நீர் குறைவு, வடிப்பதும் இல்லை. எனவே மாவுச்சத்து முழுவதும் பாத்திரத்திலேயே தங்கி, சாற்றையும் எண்ணெயையும் பிணைத்து வழவழப்பான பூச்சாக மாறுகிறது. பாலாடையோ மைதாவோ சேர்க்காமலே சாறு கெட்டிப்படுவது இதனால்தான்.

இந்த நன்மைக்கு ஒரு விலை உண்டு. நீரின் அளவு தவறினால் திருத்துவது கடினம். கூடினால் நூடுல்ஸ் கூழாகும். குறைந்தால் அடிப்பிடிக்கும். ஆகவே இவ்வுணவில் மசாலாவைவிட அளவே முக்கியம்.

நூடுல்ஸை முதலில் எண்ணெயில் பொன்னிறமாக வறுப்பதற்கும் காரணம் உண்டு. வறுக்கும்போது மேற்பரப்பு மாவுச்சத்தின் ஒரு பகுதி சிதைந்து அதன் ஒட்டும் தன்மை குறைகிறது. எண்ணெய்ப் பூச்சு இழைகளைப் பிரித்து வைக்கிறது. புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பாகும் வினையால் கொட்டை போன்ற மணம் வருகிறது. சேமியாவை வறுத்து உப்புமா செய்பவர்களுக்கு இது பழகிய வேலைதான்.

கடலுணவின் நிலை இதற்கு நேர்மாறானது. நூடுல்ஸ் வேக 10 நிமிடம் தேவை. இறாலுக்கு 2 முதல் 3 நிமிடம் போதும். கணவாயின் தசை சூட்டில் விரைவில் சுருங்கி ரப்பர் போலாகும். அதன் இணைப்புத் திசு இளகி மீண்டும் மென்மையாக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் கணவாயை 2 நிமிடத்துக்குள் இறக்க வேண்டும், அல்லது 30 நிமிடத்துக்கு மேல் வேகவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வேகவைக்கும் செய்முறைகள் தோற்பது இந்த இடத்தில்தான். ஃபிதெவாவில் கடலுணவை முதலில் வதக்கி வெளியே எடுத்து, கடைசியில் மீண்டும் சேர்ப்பார்கள். அதன் சுவை மட்டும் எண்ணெயிலும் சாற்றிலும் தங்கிவிடும்.

தேவையான பொருட்கள் (3 முதல் 4 பேருக்கு)

- குட்டையான தடித்த நூடுல்ஸ்: 250 கிராம்
- தலை, ஓட்டுடன் கூடிய இறால்: 400 கிராம்
- சுத்தம் செய்த ஊசிக்கணவாய்: 200 கிராம்
- முள் நீக்கிய, கெட்டியான சதையுள்ள மீன்: 200 கிராம்
- ஆலிவ் எண்ணெய்: 5 மேசைக்கரண்டி
- பூண்டு: 4 பல்
- தக்காளி: 2 (நடுத்தர அளவு)
- வெங்காயம்: 1 (சிறியது)
- காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த்தூள்: 1 தேக்கரண்டி
- குங்குமப்பூ: ஒரு சிட்டிகை
- தண்ணீர்: 1.1 லிட்டர்
- உப்பு: தேவையான அளவு
- எலுமிச்சம்பழம்: 1

கந்தியாவில் 'ராப்' எனப்படும் ஆழ்கடல் மீனையும், 'சிகாலா' என்னும் நீண்ட கொடுக்குள்ள சிறு சிங்கி இறாலையும் பயன்படுத்துவர். இவை கிடைக்காத இடங்களில் கொடுவா, சங்கரா போன்ற, எளிதில் உதிராத மீன்கள் பொருந்தும். ஸ்பானியர் சேர்க்கும் 'பிமெந்தோன்' காரமற்ற சிவப்பு மிளகாய்த்தூள். அதற்குப் பதிலாகக் காஷ்மீர் மிளகாய்த்தூள் போடலாம். காரமான வீட்டு மிளகாய்த்தூள் என்றால் கால் தேக்கரண்டி போதும்.

ஃபிதெவாவுக்கென விற்கும் நூடுல்ஸ் சற்று வளைந்து, நடுவில் நுண்ணிய துளையுடன் இருக்கும். அது கிடைக்காவிட்டால் ஸ்பகெட்டியை 2 முதல் 3 செ.மீ. துண்டுகளாக ஒடித்துக்கொள்ளலாம். சாதாரணச் சேமியாவிலும் செய்யலாம். ஆனால் அது 4 நிமிடத்தில் வெந்துவிடும் என்பதால் சாற்றின் அளவை மாற்ற வேண்டும்.

நூடுல்ஸுக்கும் சாற்றுக்கும் உள்ள விகிதம்:

- தடித்த நூடுல்ஸ், ஒடித்த ஸ்பகெட்டி: 250 கிராமுக்கு 750 மி.லி.
- மெல்லிய சேமியா: 250 கிராமுக்கு 500 மி.லி.

இவை 30 செ.மீ. அகலமுள்ள, மூடாத வாணலிக்கான அளவுகள். குறுகிய பாத்திரத்தில் நீர் குறைவாகவே ஆவியாகும் என்பதால் சாற்றை ஏறத்தாழ 100 மி.லி. குறைக்க வேண்டும். நூடுல்ஸ் 2 செ.மீ. உயரத்துக்கு மேல் குவியாத அகலமே நல்லது. உயரம் கூடினால் அடியில் குழையும், மேலே வேகாமல் நிற்கும்.

செய்முறை

1. இறாலின் தலையையும் ஓட்டையும் நீக்கித் தனியே வைக்கவும். முதுகைக் கீறிக் கறுப்புக் குடலை எடுக்கவும். கணவாயை 1 செ.மீ. வளையங்களாகவும், மீனை 3 செ.மீ. துண்டுகளாகவும் நறுக்கவும். மூன்றையும் ஈரம் போகத் துடைத்து, சிறிது உப்பிட்டுக் குளிர்பெட்டியில் வைக்கவும். ஈரமிருந்தால் வதங்குவதற்குப் பதிலாக வெந்துவிடும்.

2. வாணலியில் 1 மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, இறால் தலைகளையும் ஓடுகளையும் 3 நிமிடம் சிவக்க வறுக்கவும். கரண்டியால் தலைகளை நசுக்கினால் சுவை நன்கு இறங்கும். பாதி வெங்காயத்தையும் தண்ணீரையும் சேர்த்து 20 நிமிடம் மெல்லிய தீயில் கொதிக்கவிடவும். மீன் முள் இருந்தால் அதையும் சேர்க்கலாம். வேறொரு பாத்திரத்தில் வடிகட்டி, குங்குமப்பூவைப் போட்டு மூடி வைக்கவும். ஏறத்தாழ 850 மி.லி. சாறு கிடைக்கும். அதில் 100 மி.லி. கைவசம் இருக்கட்டும்.

3. வாணலியைத் துடைத்து 2 மேசைக்கரண்டி எண்ணெயைக் காயவைக்கவும். கூடிய தீயில் இறாலை இருபுறமும் சேர்த்து ஒன்றரை நிமிடமும், கணவாயை ஒரு நிமிடமும் வதக்கி, சுத்தமான தட்டுக்கு மாற்றவும். உள்ளே முழுதும் வேகாத நிலையில் எடுப்பதே சரி.

4. மீதி எண்ணெயை ஊற்றித் தீயைக் குறைத்து, நூடுல்ஸை இட்டுக் கிளறிக்கொண்டே 4 முதல் 5 நிமிடம் பொன்னிறமாக வறுத்துத் தனியே எடுக்கவும்.

5. அதே எண்ணெயில் பொடியாக நறுக்கிய மீதி வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கவும். தக்காளியைத் துருவித் தோலை நீக்கி அருகில் வைத்துக்கொள்ளவும். மிளகாய்த்தூளைப் போட்டவுடனே தக்காளியைச் சேர்க்க வேண்டும். சில நொடி தாமதித்தாலும் தூள் கருகி உணவு முழுவதும் கசக்கும். தக்காளியின் நீர் வற்றி எண்ணெய் பிரியும்வரை வதக்கவும்.

6. சூடான சாற்றில் 750 மி.லி. ஊற்றிக் கொதிக்கவிடவும். இப்போது உப்பைச் சற்றுக் குறைவாகவே போட வேண்டும். சாறு வற்றும்போது உப்புச் சுவை கூடும்.

7. நூடுல்ஸைச் சேர்த்துச் சமமாகப் பரப்பவும். முதல் 4 நிமிடம் கூடிய தீயிலும், அடுத்த 6 நிமிடம் மெல்லிய தீயிலும் மூடாமல் வேகவிடவும். அடிக்கடி கிளறக் கூடாது. அடுப்பின் தீ வாணலியின் அகலத்தைவிடச் சிறியதாக இருந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வாணலியைத் திருப்பி வைக்கவும்.

8. முடிவதற்கு 5 நிமிடம் முன்பு மீன் துண்டுகளை நூடுல்ஸில் லேசாக அழுத்தி வைக்கவும். 2 நிமிடம் முன்பு இறாலையும் கணவாயையும், தட்டில் தங்கிய சாறோடு மேலே பரப்பவும். நூடுல்ஸ் இன்னும் விறைப்பாக இருந்து சாறு வற்றிவிட்டால், வைத்திருக்கும் சாற்றில் சிறிது ஊற்றவும்.

9. அடியில் சாறு தெரியாத நிலையில் அடுப்பை அணைத்து, சுத்தமான துணியால் மூடி 5 நிமிடம் விடவும். எலுமிச்சைத் துண்டுகளுடன் பரிமாறவும்.

சேமியாவில் செய்வதானால், சாறு கொதித்ததும் மீனை முதலில் போட்டு ஒரு நிமிடம் கழித்துச் சேமியாவைச் சேர்க்க வேண்டும். இறாலும் கணவாயும் வழக்கம்போல் கடைசி 2 நிமிடத்தில் சேரும்.

வெந்ததை அறிவது எப்படி?

பச்சை இறாலின் சாம்பல் நிறம் வேகும்போது செம்மையாக மாறும். இறாலில் உள்ள அஸ்டாக்சாந்தின் என்ற செந்நிறமி புரதத்தோடு பிணைந்திருப்பதால் பச்சையில் வெளியே தெரிவதில்லை. சூட்டில் புரதம் சிதைந்ததும் நிறம் வெளிப்படுகிறது. வெளிநிறத்தை மட்டும் நம்பக் கூடாது. மிகப் பருத்த இடத்தில் சதை ஒளி ஊடுருவாத வெண்மை அடைந்திருக்க வேண்டும். மீன் சதை முள்கரண்டியால் அழுத்தினால் இதழ் இதழாகப் பிரியும். வெப்பமானி இருந்தால் மீனின் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸை எட்டியிருக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்பு அமைப்புகளின் பரிந்துரை.

பொதுவான குறைகளும் காரணங்களும்

- நூடுல்ஸ் கூழாகிவிட்டது: சாறு கூடுதல், அல்லது வறுத்தது போதவில்லை, அல்லது அதிகம் கிளறப்பட்டது.
- மேலே விறைப்பு, கீழே குழைவு: பாத்திரம் குறுகலானது.
- சுவை தட்டையாக உள்ளது: ஓட்டுச் சாற்றுக்குப் பதிலாக வெறும் தண்ணீர் ஊற்றப்பட்டது. ஓடு நீக்கிய இறால் மட்டும் கிடைத்தால், சிறிய இறால் ஒரு பிடியைப் பொடியாக நறுக்கி வறுத்துச் சாறு எடுக்கலாம்.
- கசப்பு: பூண்டோ மிளகாய்த்தூளோ கருகியிருக்கும்.

கடலுணவு வாங்கும்போதும் உண்ணும்போதும்

நல்ல மீனின் கண் தெளிவாகவும் செவுள் சிவந்தும் இருக்கும். அழுத்திய இடம் மீண்டும் எழும்பும். புதிய இறாலின் தலை உடலோடு உறுதியாக ஒட்டியிருக்கும். அமோனியா வாடை வந்தால் வாங்கக் கூடாது. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை உள்ளது. அந்த 61 நாள்களில் பண்ணை இறாலையோ உறையவைத்த கடலுணவையோ பயன்படுத்துவது இவ்வுணவுக்குக் குறையல்ல. உறைந்ததைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுவதும் வைத்து இளக்க வேண்டும். சமையலறை மேடையில் வைத்து இளக்குவது பாதுகாப்பானதல்ல.

மட்டி, கல்லுமக்காய் போன்ற ஓட்டுயிர்களைச் சேர்ப்பதானால் அவை உயிருடன் இருக்க வேண்டும். சமைக்கும் முன் வாய் திறந்திருப்பதைத் தட்டிப் பார்த்தால் மூடிக்கொள்ள வேண்டும். மூடாதவற்றையும் ஓடு உடைந்தவற்றையும் எறிந்துவிட வேண்டும். கழிவுநீர் கலக்கும் கழிமுகங்களில் எடுத்தவற்றைத் தவிர்க்க வேண்டும். சிலவகைப் பாசிகளால் ஓட்டுயிர்களில் சேரும் நச்சு, சமைத்தாலும் அழியாது.

சூரை, கானாங்கெளுத்தி, வஞ்சிரம் போன்ற மீன்கள் குளிர்ச்சியின்றிக் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். அதுவும் கொதிக்கவைத்தால் அழிவதில்லை. உண்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் முகம் சிவத்தல், அரிப்பு, தலைவலி ஏற்படலாம். வாங்கியது முதல் அடுப்பில் ஏற்றும்வரை பனிக்கட்டியிலோ குளிர்பெட்டியிலோ வைத்திருப்பதே இதற்கான தடுப்பு.

இறால், நண்டு ஒவ்வாமை வேறு வகையானது. அதற்கு முதன்மைக் காரணமான டிரோபோமயோசின் என்ற புரதம் சூட்டைத் தாங்கும். ஒவ்வாமை உள்ளவர் இறாலை ஒதுக்கிவிட்டு நூடுல்ஸை மட்டும் உண்டாலும் ஆபத்துண்டு. ஒரே பாத்திரச் சமையலில் புரதம் சாறு முழுவதும் பரவியிருக்கும். விருந்தினருக்குச் சமைப்பவர் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். உதடு வீக்கமோ மூச்சுத்திணறலோ தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நூடுல்ஸ் கோதுமையால் ஆனது என்பதால் சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு இவ்வுணவு ஏற்றதல்ல.

மீந்ததை 2 மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் நன்கு சூடாக்கி உண்டுவிட வேண்டும்.

வேறு வடிவங்கள்

கட்டலோனியாவில் இதை ஒத்த உணவு 'ரொசெஜாத்' எனப்படுகிறது. அங்கு மெல்லிய நூடுல்ஸை நன்கு பழுப்பாக வறுத்துச் சாற்றில் வேகவைப்பர். கடைசியில் பாத்திரத்தை மேல்தணலில் காட்டினால் நூடுல்ஸின் நுனிகள் முள் போல நிமிர்ந்து மொறுமொறுப்பாகும். கணவாய் மையைச் சாற்றில் கரைத்துச் செய்யும் கருநிற ஃபிதெவாவும் உண்டு.

ஃபிதெவாவுடன் பலர் 'அயியோலி' என்ற பூண்டுச் சட்னியைத் தொட்டுக்கொள்வர். பூண்டையும் உப்பையும் உரலில் அரைத்து, ஆலிவ் எண்ணெயைத் துளித்துளியாக விட்டுக் கடைந்தால் வெண்ணெய் போலத் திரளும். அதில் பச்சை முட்டை சேர்க்கும் வழக்கமும் உள்ளது. கருவுற்றவர்கள், சிறு குழந்தைகள், முதியோர் ஆகியோருக்கு முட்டை சேர்க்காத வடிவமே பாதுகாப்பானது.

கடலுணவு உண்ணாதவர்கள் காளான், முருங்கைக்காய், தக்காளி ஆகியவற்றைக் கொதிக்கவைத்த சாற்றில் இதே முறையைப் பின்பற்றலாம். அது ஃபிதெவா ஆகாது. எனினும் நூடுல்ஸின் வறுவல், சாற்றின் அளவு, அகன்ற பாத்திரம் ஆகிய மூன்று விதிகளும் அதற்கும் மாறாமல் பொருந்தும்.